கணக்கும் காப்பும்: தமிழ் மின்னூல் தொகுப்புகளின் வரலாற்றில் கோப்புப் பரிமாற்றக் கணக்குகள் (1995–2009)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை ஆகிய மூன்றின் வழியாகவே எழுதப்பட்டு வருகிறது. உருவாக்கிய கோப்பை வழங்கியில் வைக்கவும் திருத்தவும் நீக்கவும் உரிமை தருகின்ற கோப்புப் பரிமாற்றக் கணக்கு அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. சென்னையில் பொது இணையச் சேவை தொடங்கிய 1995 முதல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்ட 2009 வரையிலான காலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. மின்னூல்களின் நிலைபேற்றுக்குக் குறியேற்றத் தரம் மட்டும் போதாது. கணக்கை யார் வைத்திருந்தனர், படியெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பனவும் அதனைத் தீர்மானித்தன என்பதை மதுரைத் திட்டத்தைச் சான்றாகக் கொண்டு நிறுவ முற்படுகிறது.

குறிச்சொற்கள்: எஃப்டிபி, மதுரைத் திட்டம், தமிழ்க் கணிமை, மின்னூலகம், இணைய இடவசதி, படியெடுத்தல்

1. நெறிமுறையும் இருவகை உரிமைகளும்

கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரைவு 1971 ஏப்ரல் 16 அன்று வெளியிடப்பட்டது. அதனை எழுதிய அபய் பூஷண் கான்பூர் ஐஐடியில் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்ஐடியில் உயர்கல்வி பயின்றவர். 1985 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்சும் வெளியிட்ட வரையறை இந்நெறிமுறைக்கு நிலையான வடிவம் தந்தது.

இந்நெறிமுறையின்படி ஒருவர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அளித்து வழங்கிக்குள் நுழைகிறார். அவருக்கென ஓர் அடைவு ஒதுக்கப்படுகிறது; அதில் எதைப் படிக்கலாம், எதை எழுதலாம் என்பதை வழங்கியின் பொறுப்பாளர் வரையறுக்கிறார். இதனுடன் பெயரிலி நுழைவு என்னும் வழக்கமும் வளர்ந்தது. கணக்கு இல்லாதவரும் பொது அடைவிலுள்ள கோப்புகளை எடுத்துச் செல்ல அது வழிவகுத்தது. எடுப்பது எல்லோருக்கும், வைப்பது சிலருக்கு என்னும் இப்பாகுபாடே பின்னாளைய மின்னூலகங்களின் அமைப்புக்கும் அடிப்படையாயிற்று.

2. சென்னையில் இணைய நுழைவு

1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐந்து ஐஐடிகள் பங்கேற்றன. சென்னை ஐஐடி அவற்றுள் ஒன்று. ஆயினும் அவ்வசதி கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சார்ந்தோருக்கே உரியதாக இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, அதனைப் பெற்ற முதல் நகரங்களுள் சென்னையும் இருந்தது. கோபாலபுரம், மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளில் தொலைபேசியும் கணினியும் மோடமும் உடைய ஒரு வீடு உலக வலைப்பின்னலோடு இணைவது அப்போதுதான் இயல்வதாயிற்று.

அந்நாளில் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது ஷெல் கணக்கு ஆகும். படங்களோ சாளரங்களோ அதில் இல்லை; எழுத்துக் கட்டளைகள் மட்டுமே உண்டு. எஃப்டிபி வழியே எடுத்த கோப்பு முதலில் சேவை நிறுவனத்தின் கணினியிலுள்ள பயனரின் அடைவுக்கு வந்து சேரும். அங்கிருந்து தொலைபேசி இணைப்பின் வழியே அதனை இரண்டாம் முறையாக வீட்டுக் கணினிக்கு இறக்க வேண்டும்.

தமிழ்ப் பயனர்க்கு இதில் தனி இடர் ஒன்றும் இருந்தது. எஃப்டிபியில் உரைமுறை, இருமமுறை என இரண்டு உண்டு. வரிமுடிவைக் குறிக்கும் முறை யூனிக்சுக்கும் டாசுக்கும் வேறுபடுவதால், உரைமுறையில் செல்லும் கோப்பின் வரிமுடிவுகள் மாற்றியமைக்கப்படுகின்றன. எழுத்துருக் கோப்பை அம்முறையில் இறக்கினால் அதன் பைட்டுகள் மாறிக் கோப்பு பயனற்றுப் போகும். அக்காலத்தில் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவும் வேண்டியிருந்தது. எனவே இருமமுறைக்கு மாறும் கட்டளை ஒன்றை மறந்தால் தமிழ் திரையில் தோன்றாமலே போகக்கூடும்.

3. மதுரைத் திட்டத்தின் பணிப் பகிர்வு

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குமார் மல்லிகார்ஜுனனும் அதனை ஒருங்கிணைத்தனர். கல்யாணசுந்தரம் முன்னரே மயிலை என்னும் இலவசத் தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர்.

பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சிட்டனர். வேறு சிலர் மெய்ப்புத் திருத்தினர். இறுதி வடிவம் ஒருங்கிணைப்பாளர்களின் வழியாகவே தொகுப்பில் சேர்ந்தது. திருக்குறளை முதலாவதாகக் கொண்டு ஒவ்வொரு நூலும் வரிசை எண் பெற்றது. தட்டச்சிட்டவர், திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் கோப்பின் முகப்பில் பதியப்பட்டன. முகப்புப் பக்கத்தை நீக்காமல் கோப்பை எவரும் தடையின்றிப் பகிரலாம் என்னும் அனுமதியும் அங்கேயே தரப்பட்டது.

பெயரிலி நுழைவின் கொள்கையை இவ்வமைப்பில் காணலாம். வைக்கும் உரிமை சிலரிடம் இருந்தமையால் பாடத்தின் தூய்மை காக்கப்பட்டது. எடுக்கும் உரிமையோடு பகிரும் உரிமையும் அனைவருக்கும் அளிக்கப்பட்டமையால் படிகள் பெருகின. ஏட்டுச்சுவடிகள் காலந்தோறும் படியெடுக்கப்பட்டதாலேயே பழந்தமிழ் நூல்கள் எஞ்சின என்பது பதிப்பு வரலாறு அறிந்த உண்மை. அவ்வழக்கத்தை மின்வடிவில் தொடரும் ஏற்பாடாக இவ்வனுமதியைக் கொள்ளலாம்.

4. இரவல் இடமும் சொந்த முகவரியும்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் தரப்படுத்த முனைந்தது. கோபாலபுரத்தில் வாழ்ந்த மு. கருணாநிதி அப்போது முதலமைச்சர். தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் அரசின் ஏற்பைப் பெற்றன. எனினும் தன்னார்வத் தொகுப்புகள் எந்த வழங்கியில், யாருடைய கணக்கில் நிலைபெறும் என்னும் வினா இத்தரப்பாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது.

அத்தொகுப்புகள் பெரும்பாலும் இரவல் இடத்தில் வாழ்ந்தன. மதுரைத் திட்டத்தின் பக்கங்கள் தொடக்கக் காலத்தில் தமிழ்.நெட் தளத்தின் உட்பிரிவாக இருந்தன. கல்யாணசுந்தரத்தின் தமிழ் மின்நூலகம் ஜியோசிட்டீஸ் தளத்தில் ஏதென்சு எனப் பெயரிடப்பட்ட பகுதியில் இருந்தது. பின்னர் இரண்டும் தமக்கென ஆள்களப் பெயர்களைப் பெற்றன.

இம்மாற்றத்தின் பயன் 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியபோது வெளிப்பட்டது. அங்கிருந்த கணக்குகள் ஒருசேரச் செயலிழந்தன. வேறிடத்தில் படி வைத்திருந்தவர்களின் பக்கங்கள் தப்பின. கடவுச்சொல்லை மறந்தோர், மின்னஞ்சல் முகவரி மாறியோர், மறைந்தோர் ஆகியோரின் பக்கங்களைக் காக்க உரிமையாளர் எவரும் இல்லை. ஆர்க்கைவ் டீம் போன்ற தன்னார்வக் குழுக்கள் வெளியிலிருந்து படியெடுத்தவை மட்டுமே அவற்றுள் எஞ்சின. மதுரைத் திட்டத்தின் நூல்களோ அதற்கு முன்னரே தமக்குரிய முகவரிக்குப் பெயர்ந்திருந்ததோடு, பகிர்வு அனுமதியின் துணையால் பிற தளங்களிலும் பரவியிருந்தன.

5. கணக்கு மேலாண்மை

எஃப்டிபி தன் தொடக்க வடிவில் கடவுச்சொல்லை மறையாக்கமின்றி அனுப்புவது. இடையில் வலைப்பின்னலைக் கண்காணிப்பவர் அதனைப் படித்துவிட இயலும். 1995இல் தாத்து யுலோனென் உருவாக்கிய எஸ்எஸ்எச் நெறிமுறையைச் சார்ந்து பிற்பாடு எஸ்எஃப்டிபி எழுந்தது. எஃப்டிபியையே மறையாக்கத்துடன் இயக்கும் முறை 2005இல் வரையறை பெற்றது. 2021இல் குரோம், ஃபயர்பாக்ஸ் ஆகிய உலாவிகள் எஃப்டிபி ஆதரவைக் கைவிட்டன.

நெறிமுறை மாறினும் மேலாண்மையின் அடிப்படைகள் மாறவில்லை. ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்தால் எக்கோப்பை யார் மாற்றினார் என்பது அறியப்படாது; ஒருவர் விலகும்போது அனைவருக்கும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டிவரும். ஆளுக்கொரு கணக்கும் அதற்கென வரையறுத்த அடைவும் இருப்பின் இவ்விடர் குறையும். ஆனால் தலைமைக் கணக்கும் ஆள்களப் பதிவும் ஒரே தனிமனிதரிடம் தங்கினால், அவரோடு தொகுப்பும் முடிவுறும் ஆபத்து நீங்குவதில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தரப்படுத்தப்பட்ட குறியேற்றம் நூலைப் படிக்கத்தக்கதாக்குகிறது. அதனை இருக்கச்செய்வது கணக்கும் படியும் ஆகும். இரண்டாவது, எழுதும் உரிமையைச் சிலரிடம் நிறுத்திப் படியெடுக்கும் உரிமையை எல்லோருக்கும் தந்த அமைப்பு மதுரைத் திட்டத்தின் நிலைபேற்றுக்கு இன்றியமையாததாக அமைந்தது. மூன்றாவது, தமிழ் மின்னூலகங்களின் வரலாற்றை எழுதுவோர் நூற்பட்டியலோடு அவற்றின் முகவரி மாற்றங்களையும் கணக்குப் பொறுப்பு கைமாறிய முறையையும் ஆவணப்படுத்த வேண்டும். அப்பொறுப்பை வகித்த முதல் தலைமுறையினர் இருக்கும் காலத்திலேயே அவர்தம் நினைவுகளைத் திரட்டுதல் இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.