பைக்கை மழைக்கு ரெடி பண்ணிட்டீங்களா? ஐப்பசிக்கு முன்னாடி ஒரு செக்லிஸ்ட்!

வெளிநாட்டுல குளிர்காலம்னா பனிக்கு ஏத்த டயர் மாட்டுவாங்க. நமக்குக் குளிர்காலம் தொடங்குறதே மழையோடதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதுக்குப் பின்னாடியே மார்கழிப் பனி.

காஞ்சிபுரம் செவிலிமேட்டையே எடுத்துக்கோங்க. பாலாற்றுப் பாலத்தை ஒட்டிய ஊர். பல மாசம் மணலா கிடக்கிற அதே பாலாற்றில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் ஓடியது. இங்கே பாவும் பட்டும் வீட்டுக்கும் கடைக்கும் போய் வருவது பெரும்பாலும் டூவீலரில்தான். வண்டி நின்னா வேலையும் நின்னுடும். அதனால வானம் கறுக்கிறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் முடிச்சிடுங்க.

மழைக்கு முன்னாடி

* டயர்: பக்கவாட்டில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதுக்கு நேரா, பள்ளத்துக்குள்ள ஒரு மேடு தெரியும். டயர் அந்த மேடு வரை தேய்ஞ்சிருந்தா, உடனே மாத்துங்க.
* செயின்: துடைச்சு, லூப் போடுங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து, செயின் சூடா இருக்கும்போது போட்டா நல்லா உள்ளே இறங்கும்.
* பேட்டரி: டெர்மினலில் வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா சுத்தம் பண்ணி, லேசா வாசலின் தடவுங்க.
* பெட்ரோல் மூடி: பல பைக்குகளில் மூடிக்குக் கீழே மழைத்தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைச்சிருந்தா தண்ணி டேங்குக்குள்ள இறங்கும். இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு. அது தண்ணியை இழுத்துக்கும். தண்ணி அதிகமானா, பிரிஞ்சு டேங்க் அடியில தங்கி வண்டி திணறும்.
* கவர்: ஈரமான வண்டியை அப்படியே மூடாதீங்க. துரு பிடிக்க அதுவே போதும்.

வண்டி முங்கிடுச்சா? ஸ்டார்ட் பண்ணாதீங்க!

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்கணும்னா, அது இதுதான். காற்றை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சாலோ, கிக்கர் மிதிச்சாலோ கனெக்டிங் ராடு வளையலாம். சில ஆயிரத்தில் முடியுற சர்வீஸ், இன்ஜின் வேலையா மாறிடும்.

தண்ணி வடிஞ்சதும் போட்டோ, வீடியோ எடுங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்க. வண்டியைத் தள்ளியோ, ஏத்தியோ மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க.

பாலிசியையும் இப்பவே ஒரு தடவை பாருங்க. தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தா, வெள்ளத்தில் உங்க வண்டிக்கு ஆன சேதத்துக்குப் பணம் வராது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தாலும், முங்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா கிளெய்மை மறுக்க வாய்ப்பு அதிகம். அதுக்கு 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் தனியா இருக்கு. புதுப்பிக்கும்போது கேளுங்க.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரா? முங்கியிருந்தா சார்ஜ் போடவே போடாதீங்க. சர்வீஸ் சென்டர் பார்த்த பிறகுதான்.

வீட்டுக்கு வெளியே இருக்கிறவை

மோட்டார் சுவிட்ச் பாக்ஸ் மழை படாத இடத்தில் இருக்கான்னு பாருங்க. தரையில் இருக்கிற இன்வெர்ட்டர் பேட்டரியை மேடையில் ஏத்துங்க. மாடியில் தண்ணி போற வழியில் சருகு அடைச்சிருக்கும், எடுத்துடுங்க. குழித்தறி இருக்கிற வீட்டில் வாசல் தண்ணி உள்ளே வராம இப்பவே மேடு கட்டுங்க. பட்டும் ஜரிகையும் வண்டியில் போகும்போது, ரெட்டை பிளாஸ்டிக் கவர்.

மழை விட்டா பனி

மார்கழி விடியலில் பனிமூட்டம் இருந்தா ஹைபீம் போடாதீங்க, வெளிச்சம் திரும்பி உங்க கண்ணையே கூசும். லோபீம், குறைந்த வேகம், முன்னாடி போற வண்டிக்கு நல்ல இடைவெளி போதும்.

போன்ல சேவ் பண்ணிக்கோங்க: மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, கரன்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987. அறுந்து கிடக்கிற வயர் பக்கம் போகாம, முதல்ல போன் பண்ணுங்க மக்களே!