முனியும் காஞ்சனாவும்: ஒரு பேய்க் கொடைக் கணக்கு

2011 ஜூலை. குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலைகூட ஒழுங்காகத் துவட்டாமல் தென்காசிக்கு வந்து 'காஞ்சனா' பார்த்தோம். பாதிப் படத்தில் பெரியம்மா சொன்னாள்: "ஏல, இது போன தடவ பாத்த கதைதானல?"

அவள் சொன்னது சரிதான். படத்தின் முழுப்பெயரே 'முனி 2: காஞ்சனா'. 2007-ல் வந்த 'முனி'யிலும் ராகவா லாரன்ஸ்தான் இயக்குநர், அவர்தான் நாயகன். இருட்டினால் வெளியே போகப் பயப்படுகிற பையன், அம்மாவாகக் கோவை சரளா, பையன் உடம்பில் ஏறும் ஆவி, ஆவியின் பழைய கதை, கடைசியில் பழிவாங்கல். இரண்டிலும் இதே வரிசை. முதல் கதை இரண்டாவதில் தொடரவே இல்லை. ஆள் மாறிப்போச்சு, அவ்வளவுதான்.

ஆனாலும் இரண்டாவதுதான் மேல் என்பது என் கட்சி. முனியாக வரும் ராஜ்கிரண், அரசியல்வாதியை நம்பி மோசம் போனவர். பாவம்தான், ஆனால் நமக்குப் பழகிய பாவம். சரத்குமாரின் காஞ்சனாவோ வீட்டைவிட்டு விரட்டப்பட்ட திருநங்கை. தன்னைப் போல ஒருத்தியை வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைத்து, ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. பிடுங்கிக்கொள்ள, கொலையும் ஆகிறாள். அவள் கேட்கும் நியாயம் கொன்றவனோடு நிற்கவில்லை, சொந்த வீடு வரைக்கும் போகிறது. கொன்றவன் கோயிலுக்குள் ஓடி ஒளிந்ததும், காஞ்சனா வெளியே நின்று சாமியிடமே வழக்குப் பேசுகிறாள். தியேட்டரில் அப்போது சத்தமே இல்லை.

நம் பக்கத்து ஆளுக்கு இது புதுசு இல்லை. பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் இருக்கிறார். பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் சாதியில் பெண் கட்டி, மாடு பிடிக்க வந்த கூட்டத்தோடு மோதிச் செத்தவர். நா. வானமாமலை பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை' அவருடையதுதான். இன்னமும் அவருக்குச் செருப்புதான் காணிக்கை. அநியாயமாய்ச் செத்தவரைத் தெய்வமாக்கி, வருசா வருசம் கொடை கழித்து, வில்லுப்பாட்டில் அதே கதையைக் கேட்பது நம் வழக்கம். 'போன வருசக் கதைதானே' என்று யாரும் எழுந்து போவதில்லை. லாரன்ஸ் இதை யோசித்துச் செய்தாரா தெரியாது, ஆனால் அவர் எடுத்தது இரண்டாம் வருசக் கொடை.

ஜாம்பி படத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஜார்ஜ் ரொமெரோ 1968-ல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார். ஒரு ராத்திரி, ஒரு வீடு. பத்து வருசம் கழித்து 'டான் ஆஃப் தி டெட்' எடுத்தபோது கூட்டத்தைக் கொண்டுபோய் ஷாப்பிங் மாலில் விட்டார். முதலாவதைவிட அதுதான் ஒசத்தி என்று சொல்பவர்கள் நிறைய. அங்கே பிணத்துக்குப் பேரும் இல்லை, வழக்கும் இல்லை. அதனால் புதுசாகச் சொல்ல வேண்டியதெல்லாம் உயிரோடு இருப்பவர்களைப் பற்றித்தான்.

2016-ல் சக்தி சௌந்தர் ராஜன் ஊட்டியை வைத்து 'மிருதன்' எடுத்தார். மிருகம் பாதி, மனிதன் பாதி, நல்ல பேர். நாயகன் ஜெயம் ரவியே ஜாம்பியாகி, அடுத்த பாகம் உண்டு என்கிற மாதிரி படம் முடியும். அது இன்னும் வரக் காணோம். வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதாகவும் நினைவில்லை. பிணம் தின்பவர் எங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறார், சுடலைமாடன். அவருக்கு அப்பன் ஆத்தா உண்டு, பிறந்த கதை உண்டு, படையல் பங்கும் உண்டு. மிருதன் ஜாம்பிக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வேறு. சாரல் சமயத்தில் அது செங்கோட்டையைத் தாண்டாது!

2015-ல் 'காஞ்சனா 2', 2019-ல் 'காஞ்சனா 3'. இரண்டுக்கும் போனோம். மூன்றாவதில் அநியாயத்தைச் சொல்லும் நேரம் குறைந்து, அடிக்கிற நேரம் கூடிப்போச்சு. வில்லுக்காரர் கதையைச் சுருக்கிவிட்டு மேளக்காரரை விட்ட மாதிரி. இடைவேளைக்கு வெளியே வந்த பெரியம்மா, முறுக்கு வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பவில்லை.