கேமரா மெமரி கார்டு

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களையும் வீடியோவையும் மின்சாரம் இல்லாதபோதும் அழியாமல் வைத்திருக்கும் ஃபிளாஷ் சேமிப்பகமே மெமரி கார்டு. பெரும்பாலான கேமராக்கள் இன்று பயன்படுத்தும் எஸ்டி கார்டை பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து 1999இல் அறிமுகப்படுத்தின. 1994இல் வந்த காம்பாக்ட் ஃபிளாஷ் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது; விலை உயர்ந்த கேமராக்களில் இப்போது சிஎஃப் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. எஸ்டி வகையில் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி எனப் பிரிப்பார்கள். பழைய கேமராக்கள் பல எஸ்டிஎக்ஸ்சியை ஏற்காது.

கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். கேமராவுக்கு முக்கியமானது எழுதும் வேகம், அதிலும் தொய்வில்லாமல் தாக்குப்பிடிக்கும் குறைந்தபட்ச வேகம். அதைச் சொல்வது முகப்பில் சிறிதாக இருக்கும் குறிதான்: யு3, வி30 இரண்டும் நொடிக்கு 30 எம்பி; வி60 என்றால் 60; வி90 என்றால் 90. கார்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதையே. அடுத்தது கேமராவின் ஸ்லாட். யுஎச்எஸ்-1 ஸ்லாட்டின் உச்சம் நொடிக்கு 104 எம்பி. பின்புறம் இரண்டு வரிசை தொடுமுனை கொண்ட யுஎச்எஸ்-2 கார்டை அதில் போட்டாலும் அந்த வரம்பைத் தாண்டாது. கூடுதலாகக் கொடுத்த காசு வீண்.

சூலக்கரை, விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் தொழில் செய்யும் ஒளிப்படக் கலைஞருக்கு வேலை பலவிதம். காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் ஸ்டுடியோவில் பொருளை வைத்து நிதானமாக எடுக்கும் படங்களுக்கு எந்த நல்ல கார்டும் போதும். வானவேடிக்கைக்கும் அப்படியே. ஐஎஸ்ஓ 100 வைத்து, முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை நான்கு நொடி திறந்து வைத்தால் கிடைப்பது ஒரே படம். 24 மெகாபிக்சல் கேமராவில் அந்தப் படத்தின் ரா (பதப்படுத்தாத மூலக்) கோப்பு சுமார் 25 எம்பி. அதை எழுத சாதாரண கார்டுக்கும் நேரம் இருக்கிறது. ஆனாலும் அடுத்த நான்கு நொடி கேமரா அசையாமல் நின்றுவிடுவதுண்டு. கார்டு மெதுவாக இருக்கிறது என்று நினைத்துப் புதிதாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது நீண்ட ஒளிப்பதிவுக்கான இரைச்சல் குறைப்பு வசதியின் வேலை: எடுத்த நேரத்துக்குச் சமமான நேரம் ஷட்டரை மூடிவைத்து இன்னொரு இருட்டுப் படம் எடுத்து, முதல் படத்திலிருந்து புள்ளிகளைக் கழிக்கிறது. மெனுவில் அதை அணைத்தால் காத்திருப்பு போய்விடும்.

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் அக்கினிச்சட்டி எடுத்துவரும் கூட்டத்தைத் தொடர்ச்சியாகச் சுடும்போதுதான் கார்டுக்குச் சோதனை. நொடிக்கு 10 ரா படம் என்றால் 250 எம்பி. முதல் சில நொடிகள் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் தாங்கும்; நிரம்பியதும், 80 எம்பி வேகத்தில் எழுதும் கார்டில் நொடிக்கு மூன்று படம்தான் நகரும். முகபாவம் மாறும் அந்தக் கணம் கைவிட்டுப் போகும். 4கே வீடியோ பார்வைக்குப் பெரிய சுமையாகத் தோன்றினாலும், நொடிக்கு 100 மெகாபிட் பதிவுக்கு வேண்டியது 12.5 எம்பிதான், வி30 தாராளம். 64 ஜிபியில் சுமார் 85 நிமிடம் பிடிக்கலாம். 400 மெகாபிட் பதிவுக்கு 50 எம்பி வேண்டும், அதற்கு வி60 வாங்கலாம்.

கல்யாணத்தில் வேகத்தைவிட நம்பகமே பெரிது. தாலி கட்டும் நேரத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. இரட்டை ஸ்லாட் உள்ள கேமராவில் இரண்டு கார்டிலும் ஒரே படம் எழுதும்படி வைப்பதே சரியான காப்பு. ஒரே ஸ்லாட் என்றால் ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு மூன்று சிறிய கார்டுகளாக மாற்றி மாற்றி எடுக்கலாம்.

போலி கார்டுகள் மலிவு விலையில் நிறைய உலவுகின்றன. உள்ளே 8 ஜிபி சில்லு இருக்க, 128 ஜிபி என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு மென்பொருள் மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் தீர்ந்ததும் அதற்குப் பிந்தைய படங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும் அல்லது பழையவற்றின் மேல் எழுதப்படும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து இதைக் காட்டிக்கொடுக்கும். புதுக் கார்டை வேலைக்கு எடுத்துப்போகும் முன் ஒருமுறை இந்தச் சோதனை அவசியம்.

ஃபார்மட்டைக் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே செய்வது நல்லது. எழுதும் விளக்கு எரியும்போது கார்டுக் கதவைத் திறக்கக் கூடாது. படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டால் உடனே அந்தக் கார்டைக் கழற்றி வைக்க வேண்டும். மேலே வேறு படம் எழுதப்படாத வரை போட்டோரெக் போன்ற மென்பொருளால் மீட்க வாய்ப்புண்டு. மீட்ட கோப்புகளை அதே கார்டில் போடாமல் கணினியின் வட்டில் சேமிக்க வேண்டும்.