இட்லியும் வீடியோ கேமும்

1972இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘பாங்’ வீடியோ கேமில் சில கோடுகளும் ஒரு புள்ளியும்தான். போன விடுமுறையில் காவேரிப்பாக்கம் வந்த என் பேரனின் லேப்டாப்பில் இட்லியே வெந்துகொண்டிருந்தது!

அது ‘வெண்பா’. டொரண்டோ தமிழர் அபி வடிவமைத்து 2023இல் வந்தது. 2024இல் பாஃப்டா விருது பெற்றது. கனடாவில் குடியேறிய தாய், சிதைந்துபோன சமையல் நோட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். மகனுக்கோ வீட்டுச் சாப்பாடு என்றால் கூச்சம்.

எனக்குச் சுருக்கென்றது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, அம்மா கட்டித் தந்த இட்லியை ஒளித்துவிட்டு ரொட்டி வாங்கித் தின்றவன் நான்.

“காசு கொடுத்தா வாங்கினே? சும்மா கிடைக்காதா?” என்றேன்.

“கிடைக்கும் தாத்தா. ஆனா, உழைச்சவங்களுக்கு ஒண்ணும் போகாதே.”

அந்தக் கணக்கு, இட்லி சுட்ட அம்மா விஷயத்தில் எனக்கு அன்று தெரியவில்லை.