சங்கிலியும் மருத்துவமும்

நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்றதும் கட்டிலும் செவிலியும் கனிவான சொல்லும் நம் நினைவுக்கு வரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் தொல்குடி மக்கள் 1908இல் கண்டதோ கழுத்திலே சங்கிலி! பால்வினை நோய் என்று ஐயுற்றால் போதும். ஐயுற்றவன் பல வேளைகளில் மருத்துவனும் அல்லன். மருத்துவம் அறியாத காவலன்! பிடித்தான், பூட்டினான், பாலைவெளியிலே நடத்தினான். கார்னார்வன் துறையிலிருந்து கப்பலேற்றி ஆடவரைப் பெர்னியர் தீவிலும் பெண்டிரை டோர் தீவிலும் இறக்கினர். கணவன் ஒரு தீவில், மனைவி மறு தீவில்! 1919 வரை நூற்றுக்கணக்கானோர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். பலர் அந்த மணலிலேயே புதைக்கப்பட்டனர்.

வெள்ளையன் குடியேற்றத்தோடு வந்த நோய்களும் அவற்றுள் உண்டு. கொணர்ந்தவனுக்குச் சங்கிலி இல்லை, பெற்றவளுக்கே சங்கிலி! இதற்குத்தான் நாகரிகம் என்று பெயரிட்டார்கள்.

அஞ்சிய மக்கள் மருத்துவரைக் கண்டால் ஒளிந்ததில் வியப்பென்ன? அந்த அச்சத்தை உடைக்க 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில், ஒரு சிறு கடையிடத்தில், தொல்குடியினர் தாமே மருத்துவ நிலையம் திறந்தனர். கண் மருத்துவர் பிரெட் ஹாலோஸ் போன்றோர் துணை நின்றனர். ஆயினும் நிருவாகம் தொல்குடியினர் கையில். இன்று அந்நாட்டில் அத்தகைய நிலையங்கள் நூற்றுக்கும் மேல்.

1987இல் எய்ட்சைப் பற்றி எச்சரிக்க, மனிதரைப் பந்துருட்டி வீழ்த்தும் எமனைத் தொலைக்காட்சியில் காட்டியது அரசின் விளம்பரம். டவுன்ஸ்வில் நகரில் தொல்குடிச் செவிலி கிரேசலின் ஸ்மால்வுட்டும் தோழர்களும் வேறு வழி கண்டனர். ஆணுறையின் பெயரால் 'காண்டோமேன்' என்றொரு மாவீரனைச் சுவரொட்டியில் நிறுத்தினர். தம் மக்களைப் போன்ற நிறம், தம் மக்கள் பேசும் மொழி, நாணத்தைக் கேலி செய்யும் முறுவல்! இனப்பெருக்கப் பாடம் வந்ததும், "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று ஏட்டைப் புரட்டும் வகுப்பறைகளை ஆசிரியனாகிய நான் அறிவேன். நம் சுவர்களில் அவனுக்கு இடம் கிடைத்திருக்குமா?

பிறப்புறுப்பைப் புண்ணாக்கும் டோனோவனோசிஸ் நோய், 1994இல் நூற்றுக்கு மேற்பட்டோரிடம் பதிவாகியிருந்தது. குறுகிய காலம் விழுங்கினால் போதும் என்ற மாத்திரை வந்தது. ஊர் நிலையங்களோடு கைகோத்து 2001 முதல் 2004 வரை ஒழிப்புத் திட்டம் நடந்தது. நோய் ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

வெற்றி முழுமையானதென்று சொல்ல மாட்டேன். 2011 முதல் வடபகுதிகளில் சிபிலிஸ் மீண்டும் பரவிற்று. கருவிலேயே நோயேற்ற குழவிகள் சில மாண்டன. ஆயின் இம்முறை காவலன் வரவில்லை. 2018 முதல் தொல்குடியினரின் நிலையங்களிலேயே விரல்நுனியில் ஒரு துளிக் குருதி எடுத்து, அங்கேயே அப்போதே முடிவு சொல்கிறார்கள்.

கார்னார்வனில் பெரியவர்கள், "அந்தத் தீவுகளைப் பார்க்காதே" என்று பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம். 2019இல் அக்கரையில் ஒரு நினைவுச்சிலை நிறுவப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயரும் அதே சொற்கள்தாம்.