பெரியநாயகி என்று பெயரிட்ட சாமியார்

தை பிறந்தால் மங்கலம்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் பேச்செல்லாம் கோணான்குப்பம் மாதா கோயில் தேரைப் பற்றித்தான். ஜனவரி 23 அன்று தேரில் வரும் மாதா, பட்டுப்புடவை கட்டிய நம்மூர்த் தாய். அந்தக் கோயிலின் கதையைச் சொல்லப் புகுந்தால் ஒரு சாமியாரின் கதையாகத்தான் முடியும்.

அவர் 1680 நவம்பர் 8-ல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த பெஸ்கி; நமக்கு வீரமாமுனிவர். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்து, 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, பிறகு மதுரை மிஷனுக்கு வந்தார். முப்பது வயதைத் தாண்டித்தான் தமிழ் படிக்கத் தொடங்கினார்.

இந்தப் பக்கத்துக் காட்டு வழியே அவர் போனபோது கையிலிருந்த மாதா சுரூபம் காணாமல் போயிற்று என்றும், அது முகாசாப்பரூர்ப் பாளையக்காரர் கச்சிராயரிடம் போய்ச் சேர்ந்ததென்றும், பிள்ளையில்லாதிருந்த அவருக்குப் பிள்ளை பிறக்கவே காட்டைத் திருத்திக் கோயில் கட்டினார் என்றும் நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிற்பாடு முனிவர் மணிலாவிலிருந்து இரண்டு சுரூபங்களை வரவழைத்து, ஒன்றை இங்கும் மற்றொன்றை ஏலாக்குறிச்சியிலும் வைத்தார் என்பதும் அந்த வழிவழிச் செய்திதான்.

என்னை நெகிழவைப்பது அவர் வைத்த பெயர். விருத்தாசலம் கோயில் அம்மன் பெரியநாயகி. ஊரார் நாவில் ஏற்கெனவே ஊறிக்கிடந்த அந்தப் பெயரையே மரியாளுக்கும் சூட்டினார். புதுப்பெயர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் ஜனங்கள் மரியாதையோடு தள்ளி நின்றிருப்பார்கள். பெரியநாயகி என்றதும் நெருங்கி வந்துவிட்டார்கள்.

கவிஞராக அவர் செய்ததும் இதையேதான். 36 படலங்களில் 3,615 பாடல்களாக 1726-ல் முடித்த தேம்பாவணியில் சூசையப்பர்தான் தலைவர். அவருடைய யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் 'பெருகுவான்' என்று பொருள்; அதை 'வளன்' ஆக்கினார். யோவான் 'கருணையன்' ஆனார். பங்கு ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்து பழகிய வாய்க்குத்தான் இப்படிப் பெயர்கள் வரும் என்பது என் துணிபு. சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் செய்த புலமை பெரிதுதான். எனக்கு அந்தப் பெயர்கள் அதைவிடப் பெரிது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒற்றைக் கொம்பின்மேல் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகிவிடும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். அதனால் ஓலையில் 'பெட்டை'யும் 'பேட்டை'யும் ஒன்றுபோலவே நிற்கும். இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். முனிவர் நெடிலுக்கென்று கொம்பின்மேல் ஒரு சுழி கூட்டி, இரட்டைச் சுழிக் கொம்பாக்கினார்.

அடுத்தமுறை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, நம்மூர் பஸ்ஸின் போர்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மங்கலம்பேட்டையின் 'பே'யில் இருக்கிற அந்த மேல்சுழி, கோணான்குப்பத்துச் சாமியார் போட்டது.