சரத்தைச் சார்பின் ஆர்கியுமென்ட்டுகளாக்கல் (பைதன்)

எழுத்துச் சரமாக வரும் தரவைப் பிரித்து, பைதன் நிரலாக்க மொழியில் சார்பொன்றின் ஆர்கியுமென்ட்டுகளாக வழங்கும் முறை.

'ஊர்=நெளுக்குளம் தொகை=500' என்னும் சரம் முதலில் இடைவெளியிலும், பின்னர் சமக்குறியிலும் பிரிக்கப்பட்டு அகராதியாகும்; இரட்டை உடுக்குறி (**) அதனைப் பெயருள்ள ஆர்கியுமென்ட்டுகளாக விரிக்கும். 500 அப்போதும் சரமே. முழுஎண்ணாக மாற்றுவது நிரலரின் வேலை. 'நெளுக்குளம் சந்தி' போன்ற இடைவெளியுள்ள பெறுமானத்தை மேற்கோள்குறிக்குள் இட்டால், பைதனின் ஷ்லெக்ஸ் (shlex) கூறு அதைப் பிளக்காது.

உடுக்குறியால் விரிக்கும் இந்த அழைப்பு முறை 2000இல் வந்தது; அதே பணிக்கான பழைய அப்ளை (apply) சார்பு பைதன் 3இல் நீக்கப்பட்டது. சரத்திலுள்ள 500 போன்றவற்றைப் பெறுமானமாக மாற்ற ஈவால் (eval) சார்பையும் பயன்படுத்தலாம்; ஆனால் அது சரத்திலுள்ள எந்தக் கோவையையும் இயக்கிவிடும். வெளியார் தரும் உள்ளீட்டுக்கு அது ஆகாது. அதற்குப் பதிலான லிட்டரல் ஈவால் (literal_eval; 2008, பைதன் 2.6) எண், சரம், பட்டியல் போன்ற நிலைப் பெறுமானங்களையே ஏற்கும்.

பைதன் 3இல் ஆர்கியுமென்ட்டுகளுக்குத் தமிழ்ப் பெயர்களும் செல்லும். ஆனால் 'தொகை'யின் ஒகரக் குறியை ஒரே யுனிகோடு குறியீடாகவும், எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். நிரலிலுள்ள பெயரைப் பைதன் ஒருமைப்படுத்தும். அகராதிச் சாவியை அவ்வாறு செய்யாது. எனவே திரையில் ஒன்றாகத் தெரியும் பெயரும் சார்பிலுள்ள பெயருடன் பொருந்தாமல் வகைப் பிழை (TypeError) தரக்கூடும்.